கன்னியம்மா கேட்ட மூலநிரல்

"இன்னாவோ நிரலாம், அத சிடில போட்டு ஓசியில தர்றதா தராசு சீட்டுல எழுதிகீறியே. நெசமா நைனா?" என்று கருவாடு விற்கும் கன்னியம்மா கேட்டதும், ஃப்ரெடி டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

கல்மண்டபத்துக் கடையில் அவன் செய்து விற்றது பேசும் தராசு. கருவாட்டை வைத்தால், "ரெண்டு கிலோ கீது, புடி" என்று சொல்லும். அந்தப் பேச்சுதான் அவன் பிழைப்பு. சாத்தாங்காட்டுத் தண்டபாணி விற்கும் தராசுக்கு இன்னும் 'பீப்' மட்டுமே வரும்.

ஆயினும் அந்தக் குரலின் பெரும்பகுதி, முகமறியாத பலர் எழுதி உலகுக்கு இலவசமாய் வழங்கிய கணினி நிரல். இரவல் இறகில் பறக்கும் பறவைக்கு அவர்கள் விதித்த நிபந்தனை ஒன்றே: எங்களுடையதோடு உன்னுடையதைப் பின்னி விற்றால், வாங்கியவர் கேட்கும்போது மூலநிரல் முழுவதையும், அதாவது அதை இயக்கும் கட்டளை வரிகள் அத்தனையையும், கொடுத்துவிட வேண்டும். ஃப்ரெடியும் அதைச் சிடியில் தருவதாகத் தராசோடு கொடுக்கும் சீட்டில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தான். கருவாடு விற்பவர் எவர் கேட்கப்போகிறார் என்ற தைரியம்.

கேட்டுவிட்டார். ரகசியத்தைப் பறிக்கத் தண்டபாணிதான் அனுப்பியிருக்க வேண்டும் என்று அவன் முடிவுகட்டினான்.

சிடி போடும் பெட்டியே இப்போது எவரிடமும் இல்லையே என்று தட்டிக்கழித்தான். அது தன் கவலை என்றார் கன்னியம்மா. எழுத்தில் கேட்க வேண்டும் என்றான். மறுநாள் எழுதியே கொண்டுவந்தார். தராசு வாங்கிய கடலோரப் பெண்கள் அனைவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொன்று கேட்டிருந்தார்கள். பென் டிரைவை நீட்டினான்.

"சீட்டுல இன்னா போட்டுகீற? சிடிதானே?"

வீட்டில் புலம்பினான். மனைவி ஜானட் மீன் கழுவியபடியே சொன்னாள்: "நிரல் எழுதுனவங்க சும்மா குடுக்கலன்னா உன் தராசு ஊமைபா. வாங்கசொல்ல இனிச்சுது, குடுக்கசொல்ல கசக்குதா?"

அது சுருக்கென்று தைத்தது. பழைய கடைகளெல்லாம் அலைந்து சிடிகள் தேடினான். தன் ரகசிய நிரலை ஒரு வரி விடாமல் அவற்றில் பதித்தான். ஒவ்வொன்றின் மேலும் அந்த முகமறியாதவர்களின் பெயர்களை நன்றியோடு தன் கையாலேயே எழுதினான். எழுத எழுத மனம் லேசானது. எல்லாவற்றையும் கன்னியம்மாவிடம் கொடுத்தான்.

தண்டபாணியின் தராசு இன்று பேசும், நாளை பேசும் என்று பயந்தபடி காத்திருந்தான். அது பேசவில்லை. பொறுக்கமாட்டாமல், கன்னியம்மா மீன் காயவைக்கும் திருவொற்றியூர்க் கடலோரத்துக்கே போய்விட்டான்.

கன்னியம்மா அவன் கையில் ஒரு பொட்டலம் வஞ்சிரக் கருவாட்டைத் திணித்தார்.

"தண்டபாணி அனுப்பித்தானே கேட்டீங்கக்கா?"

"அது யாரு?"

"அப்ப சிடியெல்லாம் எங்க?"

மீன் காயும் மணலுக்கு மேலே, கயிற்றில் வரிசையாய் மின்னிச் சுழன்றவற்றைக் கன்னியம்மா காட்டினார்.

"கடையில இப்பல்லாம் சிடியே கெடைக்கல நைனா. நீ குடுத்தத கட்டுனதுலேந்து ஒரு காக்கா கிட்ட வரல. மேல பேரு எழுதிகீறியே, அந்தப் புண்ணியவானுங்களுக்கு நான் தேங்க்ஸ் சொன்னேன்னு சொல்லிடு."