குண்டுச் செடிகளுக்குத் தினம் ஒரு மக்

“நான் டீ குடிக்கிற கிளாஸ்ல பூவு. என் ஷேவிங் மக்குல செடி. பல்லு தேய்க்கப் போனா பேசின் பூரா இலை. இப்ப நான் உக்கார்ற எடத்துலயும் கை வெச்சாச்சு. இன்னும் என் தலை ஒண்ணுதான் பாக்கி, அதுலயும் மண்ணைக் கொட்டி ஏதாவது நட்டுரு.”

சொன்னவர் என் கணவர். ஒரு எழுத்தைக்கூட நான் குறைக்கவில்லை. தலையைப் பார்த்தேன். வெயில் நன்றாக விழும் இடம்தான், ஆனால் வேர் பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை என்றேன். அதற்கு ஒருவர் இவ்வளவு கோபப்பட வேண்டியதில்லை.

விஷயம் இதுதான். எங்கள் தெருக்கோடியில் செடி நர்சரி வைத்திருக்கும் அம்மாளை எல்லோரும் நர்சரி அக்கா என்போம். சனிக்கிழமைகளில் எங்களைப் போன்ற பத்துப் பன்னிரண்டு பெண்களைச் சேர்த்து வகுப்பு எடுக்கிறார். முதல் பாடம், பூ அடுக்குவது. பெட்டிக்குள் படுத்து விமானத்தில் வரும் பூவுக்கெல்லாம் அங்கே இடமில்லை. நம் தெருவில் பூத்தது, நம் வேலியில் படர்ந்தது, பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கியது, அவ்வளவுதான். ‘கேட்டு வாங்கியது’ என்பதை அழுத்திச் சொல்வார். வகுப்பு ஆரம்பித்த வாரத்திலேயே தெருவில் செம்பருத்தி கணிசமாகக் குறைந்துவிட்டது.

காம்பைத் தண்ணீருக்குள் வைத்துச் சாய்வாக வெட்ட வேண்டும். தண்ணீரில் முங்கும் இலைகளை உருவிவிட வேண்டும், விட்டால் அழுகும். ஒரு பூ நிமிர்ந்து நிற்க வேண்டும், ஒன்று பாதியில் நிற்க வேண்டும், ஒன்று ஓரமாகச் சாய்ந்து எட்டிப் பார்க்க வேண்டும். நான் கான்வென்டில் படித்தவள். காலை அசெம்பிளியில் வருஷக்கணக்காக நின்றதில், எனக்கு எதையும் உயர வரிசையில்தான் நிறுத்த வரும். என் முதல் கிண்ணத்தைப் பார்த்து நர்சரி அக்கா, ஏம்மா, பூவுக்குமா யூனிஃபார்ம் மாட்டணும் என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. அன்றைக்கு முடிவு செய்தேன், இதைக் கற்றுக்கொள்ளாமல் விடுவதில்லை என்று. வேலிக் காகிதப்பூவையும் ஜினியாவையும் புல்லையும் வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் போராடினேன். டீ கிளாஸ் அப்போதுதான் பறிபோனது.

இரண்டாவது பாடம், தொட்டியில் சக்குலன்ட் நடுவது. நான் அவற்றைக் குண்டுச் செடி என்பேன். இலையே ஒரு தண்ணீர்ப் பை. உருண்டு திரண்டு, அடுக்கடுக்காக, தொட்டால் கைக்குழந்தையின் கன்னம் மாதிரி இருக்கும். பருமணல் பாதி, மண் பாதி, மேலே கொஞ்சம் கூழாங்கல். தொட்டிக்கு அடியில் ஓட்டை. காலை வெயில். மற்றபடி நர்சரி அக்கா சொன்னது ஒன்றே ஒன்றுதான். நட்டுவிட்டு மறந்துவிட வேண்டும். இந்தச் செடி பட்டினியில் சாகாது, பாசத்தில் சாகும். தினமும் தண்ணீர் ஊற்றினால் ஒரே வாரத்தில் கூழாகிவிடும். தன்னிடம் அழுதுகொண்டு வந்தவர்கள் எல்லோரும் ஊற்றிக் கொன்றவர்கள்தான், ஊற்றாமல் கொன்றவர் ஒருவரும் இல்லை என்றார்.

நான் ஒரு டஜன் நட்டேன். விளிம்பு உடைந்த சூப் கிண்ணம், பிஸ்கட் டப்பா, ஷேவிங் மக், எல்லாவற்றிலும் ஆணியடித்து ஓட்டை போட்டேன். ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் மட்டும் ஓட்டை போட முடியவில்லை. அடியில் கூழாங்கல் பரப்பி அப்படியே நட்டுவிட்டேன். உள்ளே போன தண்ணீர் வெளியே வர அதற்கு வழியே கிடையாது.

இனி காலை வெயில். எங்கள் வீட்டில் அது விழும் இடம் ஒன்றே ஒன்று, பால்கனியின் கிழக்கு மூலை. அங்கே என் கணவரின் சாய்வு நாற்காலி. அதில் அவர். அவர்மேல் செய்தித்தாள். அவர் எடை அளவு இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரிலுள்ள கடைத் தராசையெல்லாம் சரிபார்த்தவர், வீட்டுக்குள் மட்டும் எப்போதும் தன் பக்கத் தட்டைத் தாழ்த்தியே நிறுப்பார். மூலையைக் கேட்டேன். உனக்குத்தான் அடுப்படி முழுக்க இருக்கிறதே என்றார். அடுப்படி எனக்குச் சொந்தமில்லை. நான்தான் அடுப்படிக்குச் சொந்தம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சமைக்கவும் துவைக்கவும் இல்லாத காரியத்துக்கு எனக்கென்று நான் கேட்டது அந்த நாலடி வெயில்தான். அதை வாங்காமல் விடுவதில்லை என்று பன்னிரண்டு தொட்டிகளையும் நாற்காலியைச் சுற்றி இறக்கினேன். அதற்குத்தான் மேலே சொன்ன கூச்சல்.

இந்த நேரத்தில் வெளியூரில் என் அக்காவுக்குக் கண் ஆபரேஷன். பத்து நாள் நான் போய் இருந்தாக வேண்டும். என் கணவர் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. அக்காவுக்காக இருக்காது.

“பாவம், இந்தச் செடிங்க என்ன பண்ணும்” என்றார்.

“அதான் யோசிக்கிறேன். சரி, ஒரு பேச்சு பேசிக்குவோம். நான் திரும்பி வர்றப்ப ஒண்ணு செத்திருந்தாலும் எல்லாத்தையும் கீழ கொண்டுபோய் வெச்சுர்றேன், வகுப்புக்கும் போகல. எல்லாம் உசுரோட இருந்தா மூலை எனக்கு, நாற்காலி உள்ள.”

“யாரு பாத்துக்குவா?”

“வேற யாரு. நீங்கதான். தினம் காலையில ஒவ்வொண்ணுக்கும் ஒரு மக் தண்ணி. ஒரு நாள் தவறக்கூடாது.”

அவர் குனிந்து ஒரு இலையைக் கிள்ளுவதுபோல் அழுத்திப் பார்த்தார். கண்ணாலேயே எடை போட்டுப் பழகியவர். இவ்வளவு குண்டாக இருக்கிறதே, நிறையக் குடிக்குமோ என்று கேட்டார். நிறையக் குடிக்கும், ஒரு நாள் விட்டால் சுருண்டுவிடும் என்றேன். சரி என்று ஒப்புக்கொண்டார். மறுபேச்சு இல்லாமல் அவர் சரி என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பொய் சொல்லக்கூடாது என்று கான்வென்டில் சிஸ்டர் முட்டி போடவைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். நிறையக் குடிக்கும், சுருண்டுவிடும் என்றது மட்டும் கொஞ்சம் இடிக்கிறது. மற்றபடி ஊற்றுங்கள் என்பது வேண்டுகோள், வேண்டுகோளில் ஏது பொய். என் கணவரை ஒரு காரியம் செய்யவிடாமல் தடுக்க நான் கண்டுபிடித்த ஒரே வழி, அதைச் செய்யச் சொல்வதுதான். குடை எடுங்கள் என்றால் நனைந்து வருவார். அடுப்பை அணையுங்கள் என்றால் பால் அடுப்பைக் குளிப்பாட்டும். இதில் நாற்காலியும் போட்டியில் இருக்கிறது. சொட்டுத் தண்ணீர் ஊற்றமாட்டார் என்று நிம்மதியாக வண்டி ஏறினேன்.

நிம்மதி நாலு நாள்கூடத் தாங்கவில்லை. போனில் பேசினால் அவர் குரலில் தேன் ஒழுகியது. சாப்பிட்டாயா என்கிறார். அக்கா கண் எப்படி என்கிறார். செடிக்கு இப்போதுதான் ஊற்றிவிட்டு வந்தேன், இன்றைக்கு ரெண்டு மக் என்கிறார். தனியாக இருந்ததில் மனசு இளகிவிட்டதோ. இத்தனை வருஷம் இல்லாமல் இப்போது பார்த்து நான் சொன்னதைச் செய்யத் தொடங்கிவிட்டாரோ. கணவன் சொல்பேச்சுக் கேட்டுவிட்டானே என்று பயந்து அழுத பெண்ணை நான் கேள்விப்பட்டதில்லை. அக்காவின் கண் கட்டைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். யோசித்து, அடுத்த தடவை கேட்டேன்.

“அந்தக் கண்ணாடிக் கிண்ணம் இருக்கே, அதுக்கு அடியில தண்ணி வடிஞ்சு தரையெல்லாம் ஈரமாகும். தொடைக்கிறீங்களா?”

“பின்ன? தினம் அது வழியா கொடகொடன்னு வருது. குனிஞ்சு தொடைச்சுத் தொடைச்சு எனக்கு இடுப்பே போச்சு.”

ஓட்டையே இல்லாத கிண்ணம். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இவர் என்னிடம் சொன்ன பொய்களிலேயே என் நெஞ்சைக் குளிர வைத்த பொய் இதுதான். பாவம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்தேன்.

மறுநாள் அடுத்த ஆபத்து. பக்கத்து பால்கனித் தையல்காரம்மா போன் செய்தாள். ரவிக்கைக்கு அளவெடுத்தாலும் எடுக்காவிட்டாலும் எல்லோர் வீட்டையும் அளந்து வைத்திருப்பாள், ஆனால் நல்ல மனசு.

“அக்கா, மண்ணு கல்லு மாதிரி காஞ்சு கெடக்கு. அண்ணன் அந்தப் பக்கமே திரும்புறதில்ல, நாற்காலியைத் தள்ளிப் போட்டு முதுகைக் காட்டி உக்காந்து பேப்பர் படிக்கிறாரு. எனக்கு மனசு கேக்கல, எங்க பக்கத்துலேர்ந்து டியூப் போட்டு ஊத்திடட்டுமா?”

நான் போட்ட அதட்டலில் ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு அடுத்த கட்டிலில் இருந்த நோயாளி எழுந்து உட்கார்ந்துவிட்டார். அந்தச் செடிகள்மேல் ஒரு சொட்டு விழுந்தாலும் இனி என் துணி ஒன்றுகூட உன் மெஷினுக்கு வராது என்றேன். அவளுக்குக் காரணம் புரியவில்லை. மிரட்டல் புரிந்தது, அது போதும்.

பத்து நாள் கழித்து வீடு வந்தேன். என் கணவர் வாசலிலேயே, துக்கம் விசாரிக்க வந்தவர்களை வரவேற்கும் முகத்தோடு நின்றார். பெட்டியை வாங்கிக்கொண்டார், அதுவே சரியில்லை. மெல்லிய குரலில் ஆரம்பித்தார். என்னால் ஆனதைச் செய்தேன், உயிர் என்பது நம் கையில் இல்லை, நீ மனசைத் தேற்றிக்கொள்ள வேண்டும் என்றார். வகுப்புக்குப் போகாவிட்டால் என்ன, உனக்குச் சனிக்கிழமை ஓய்வாக இருக்கும் என்றும் சேர்த்துக்கொண்டார். என் தோளில் கை வைத்து பால்கனிக்கு நடத்திப் போனார்.

பன்னிரண்டும் ஜம்மென்று இருந்தன. நான் கிளம்பியபோது இருந்ததைவிட ஒரு சுற்று பெருத்து, வெயில் பட்டு இலை ஓரமெல்லாம் சிவந்து, பிஸ்கட் டப்பாவில் இருந்தது பக்கத்தில் நாலு குட்டி போட்டு, சூப் கிண்ணத்தில் இருந்தது மொட்டே விட்டிருந்தது. பத்து நாளும் முதுகைக் காட்டி உட்கார்ந்தவர் அதையெல்லாம் எங்கே பார்த்திருக்கப் போகிறார். அவர் கை என் தோளிலிருந்து தானாக இறங்கியது. மண்ணைத் தொட்டார். பக்கத்து பால்கனியைப் பார்த்தார். தையல்காரம்மா அங்கிருந்து, நான் கிட்டகூட வரல அண்ணே என்றாள். அது அவரை இன்னும் குழப்பியது.

“தினம் ஊத்தினீங்க இல்ல?” என்று கேட்டேன்.

“ஊத்... ஊத்தினேன்.”

“ஒரு மக்?”

“ஒரு மக்.”

போனில் வடித்துத் துடைத்த தண்ணீரை இப்போது எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார். அன்று மத்தியானமே நாற்காலி வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தது. மூலையில் நீள மேஜையைப் போட்டேன். ஒரு பக்கம் பன்னிரண்டு தொட்டி, ஒரு பக்கம் பூ அடுக்கிய கிண்ணம், நடுவில் என் கத்திரிக்கோல்.

ஆனால் விஷயம் அத்தோடு முடியவில்லை. மேஜையைப் பார்க்க மாலையில் வகுப்பே திரண்டு வந்தது. இத்தனை நாள் யார் பார்த்துக்கொண்டது என்று கேட்டார்கள். உண்மையைச் சொன்னேன், இவர்தான், அவரையே கேளுங்கள் என்று. நர்சரி அக்கா விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தார். உலர்ந்த மணல். என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். புரிந்துகொண்டு அவர் சொன்னார், அண்ணன் ரொம்பக் கைராசிக்காரர், இப்படி ஒரு கையை நான் பார்த்ததில்லை என்று.

என் கணவர் வாயைத் திறந்தார். சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். அதற்குள் பத்துப் பெண்கள் அவரைச் சூழ்ந்து, என்ன அண்ணே ரகசியம், பாட்டுப் பாடுவீங்களா, பேசுவீங்களா என்று கேட்டார்கள். ஓய்வு பெற்றதிலிருந்து அவரை யாரும் பாராட்டியதில்லை. அந்தப் பழக்கத்தை நானும் ஆரம்பிக்கவில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டு, கழுத்தை நிமிர்த்தி, எல்லாம் அளவுதான், அளவு தெரிந்து ஊற்ற வேண்டும் என்றார்.

அங்கேதான் மாட்டிக்கொண்டார். அடுத்த வாரம் முழுக்கத் தூரத்து ஊர் ஒன்றில் மலர்க் கண்காட்சி. எங்கள் வகுப்பின் பூக்கிண்ணங்களை வைக்கப் போகிறோம், நானும் சேர்த்துத்தான். ஒரு வாரம் எல்லோரும் வெளியூர். அவரவர் வீட்டில் வளர்க்கும் பூந்தொட்டிகளை எங்கே விடுவது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தவர்களுக்குக் கைராசிக்காரர் கிடைத்துவிட்டார்.

கிளம்பும் நாள் காலையில் தொட்டிகள் படியேறி வந்தன. ரோஜா, சாமந்தி, ஜினியா, டாலியா, பேர் தெரியாத கொடி, தாகத்தில் அரை நாள்கூடத் தாங்காத ரகங்கள் எல்லாம். ஹால் நிறைந்து, படுக்கையறை நிறைந்து, நாற்காலி மேலேயே மூன்று ஏறிக்கொண்டன. வைத்தவர்கள் எல்லோரும், உங்களுக்குத் தெரியாததா அண்ணே என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள். கடைசியாக நானும் இறங்கினேன். பூக்கிண்ணங்களை மடியில் வைத்துக்கொண்டு எல்லோரும் ஏறி உட்கார, வேன் நகர்ந்தது. மேலே பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதி உடம்பு வெளியே தெரிய என் கணவர் குனிந்து கத்தினார்.

“எதுக்கு எவ்வளவு தண்ணி ஊத்தணும்னு யாராவது ஒருத்தராவது சொல்லிட்டுப் போங்களேன்.”