தள்ளுவண்டி

"இனிமே இந்த வண்டி மேல எந்த மெக்கானிக் கையும் படக் கூடாது. எல்லாம் நானே பாத்துக்கறேன்!"

ஞாயிற்றுக்கிழமை காலையில், பல்கூட விளக்காமல், வாசலில் காருக்குப் பக்கத்தில் நின்று அவர் இப்படி அறிவித்தார். மனைவி கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"சரி" என்றாள்.

அவ்வளவுதான். அந்த ஒரு 'சரி'க்குள்ளே என்னென்ன இருக்கும் என்று இத்தனை வருஷக் குடித்தனத்தில் மனுஷன் தெரிந்துகொண்டிருக்க வேண்டாமா? தெரிந்துகொள்ளவில்லை. ஸ்பானரைத் தேடப் போய்விட்டார்.

அவர் தண்ணீர் வாரியத்தில் எழுத்தர். தெருவில் எல்லோரும் 'இஞ்சின் சார்' என்று கூப்பிடுவார்கள். மரியாதைக்கு வைத்த பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்; யாரும் போய்த் திருத்தவில்லை. கார் அவருடைய அப்பா வாங்கியது. சின்ன வண்டி. உருண்டை விளக்கு, உருண்டை முதுகு. முந்தின நாள் மெக்கானிக் அதைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "சார், இதை வித்துட்டு நிம்மதியா இருங்க" என்று சொல்லிவிட்டான். அதில் வந்த ரோஷம்தான் இந்த அறிவிப்பு.

அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் அவர் வண்டிக்கு அடியில் கிடந்தார். மனைவி டார்ச் பிடித்தாள்.

"ஏங்க, எனக்கும் ஓட்டக் கத்துக்குடுங்களேன்."

"இது என்ன மிக்ஸியா, ஸ்விட்சைப் போட்டதும் ஓடறதுக்கு? இந்த வண்டியோட மனசு தெரியணும்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு அது அத்துபடி."

"என் மனசு?"

"பேச்சை மாத்தாதே. டார்ச்சை நேராப் பிடி."

அவள் சும்மா கேட்கவில்லை. பல் டாக்டர் ஒருவரிடம் உதவியாளராக வேலை. டாக்டர் வருவதற்கு முன்னால் போய்க் கருவிகளைக் கொதிக்க வைக்க வேண்டும். இவர் கொண்டுபோய் விடுகிறேன் என்பார். பிறகு இஞ்சினை ஓடவிட்டுக் காதை வண்டியின் முன்பக்க மூடியில் வைத்துக்கொண்டு நிற்பார்.

"நேரமாச்சுங்க."

"இரு, வண்டி சூடாகணும்."

"அங்க டாக்டர் சூடாயிட்டு இருக்காரு."

ஒரு வழியாகக் கிளம்பும்போது ஒரு வாக்கியம் தினமும் உண்டு. அவள் ஏறி உட்கார்ந்ததும் அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்வார்: "கதவை மெல்லச் சாத்து. பழைய வண்டி." அவள் பூப்போலத்தான் சாத்துவாள். இருந்தாலும் சொல்லுவார்.

ஒரு ஞாயிறு அவர் உள்ளே துருப் பிடித்த இடமெல்லாம் தேடித் தேடிப் பெயிண்ட் அடித்தார். ஹாரன் ஊமையாகிவிட்டது. நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டு, சாயங்காலம் காரணத்தைக் கண்டுபிடித்து, ஏதோ தான் செய்த தப்பே இல்லை என்பது போல மனைவிக்குப் பாடம் நடத்தினார்.

"பெயிண்ட் மேல கரண்ட் பாயாது. இரும்பும் இரும்பும் தொடணும். நடுவுல மெல்லிசா ஒரு பூச்சு இருந்தாப் போதும், வயர் மாட்டின இடத்திலேயேதான் இருக்கும், ஆனா வேலை செய்யாது."

"உங்க ஆபீஸ் மாதிரியா?"

"டார்ச்சை ஆட்டாதே."

"சரி. சாவியைத் திருப்பினதும் கர்ருனு ஸ்டார்ட் ஆகுதே, அதுக்கு எந்த வயருங்க?"

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. பெண்டாட்டி இப்படி ஒரு கேள்வி கேட்டதே இல்லை. "இதோ, இந்தக் குட்டி வயர்" என்று தொட்டே காட்டினார்.

மறு வாரம் வண்டி படுத்துவிட்டது. சாவியைத் திருப்பினால் ஒரு சின்ன சத்தம்கூட இல்லை. விளக்கு எரிகிறது, ஹாரன் அலறுகிறது, இஞ்சின் மட்டும் அசையவில்லை.

"இறங்கித் தள்ளு" என்றார்.

அவள் தள்ளினாள். மறுநாளும் தள்ளினாள். அந்த வாரம் முழுக்கத் தள்ளினாள். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டு டீச்சரம்மா வாசலுக்கு வந்து பார்த்தார்.

"என்னம்மா இது? சார் உள்ள, நீ வெளியவா?"

"அவருக்குத்தான் டீச்சர் வண்டியோட மனசு தெரியும். எனக்கு அதோட முதுகுதான் தெரியும்."

அடுத்த வாரம் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"டாக்டர் தள்ளவே கூடாதுன்னுட்டாருங்க."

"எந்த டாக்டர்?"

"எங்க டாக்டர்தான்."

"அவர் பல் டாக்டராச்சே! அவருக்கு முட்டியைப் பத்தி என்ன தெரியும்?"

"தேய்ஞ்சா வலிக்கும்னு தெரியும்ல? பல்லும் தேயுது, முட்டியும் தேயுது."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. வண்டியைத் தள்ள ஓர் ஆள் வேண்டும், உள்ளே உட்கார ஓர் ஆள் வேண்டும், இருப்பது இரண்டே பேர். வேறு வழியில்லாமல் கதவைத் திறந்துவிட்டார்.

"இதோ பார். நீ ஓட்ட வேண்டாம். உட்கார்ந்தாப் போதும். கிளட்சை மிதி. ரெண்டாவது கியரைப் போடு. நான் 'ம்'னு சொன்னதும் காலை எடு. இஞ்சின் பிடிச்சதும் ஓரமா நிறுத்து. அணைச்சுடாதே."

"உட்கார்ந்தாப் போதும்" என்று அவளும் சொல்லிக்கொண்டாள்.

முதல் நாள் 'ம்' என்றதும் அவள் காலைப் படக்கென்று எடுக்க, வண்டி குலுங்கி நிற்க, அவர் பின்கண்ணாடியில் மூக்கை அப்பிக்கொண்டார். இரண்டாம் நாள் இஞ்சின் பிடித்துக்கொண்டது. வண்டி நிற்கவில்லை. தெருமுனையில் திரும்பிக் கண்ணை விட்டே மறைந்தது. இவர் "ஐயோ, ஐயோ" என்று பின்னாலேயே ஓடினார். மூச்சு வாங்க அவர் முனைக்குப் போய்ச் சேர்ந்தபோது, அடுத்த தெரு வழியாக வீட்டைச் சுற்றிக்கொண்டு அது அவருக்குப் பின்னால் வந்து நின்றது. உள்ளே முன்சீட்டில் டீச்சரம்மா.

"எங்கடி போயிட்டே?"

"நின்னா அணைஞ்சுடும்னு பயமா இருந்துச்சுங்க. அதான் ஒரு சுத்து."

"டீச்சர் எதுக்கு?"

"காய் வாங்கக் கிளம்பினாங்க. வழியில ஏத்திக்கிட்டேன்."

"வண்டி நல்லாப் போகுது சார்" என்றார் டீச்சரம்மா. "நீங்க இன்னும் கொஞ்சம் வேகமாத் தள்ளினா ஒரே தடவையில பிடிக்கும்."

அதற்குப் பிறகு அந்தச் 'சுத்து' நாளுக்கு நாள் நீண்டது. காய் வாங்கப் போகும் டீச்சரம்மா தினமும் வழியில் நின்றார். இவர் திண்டாடினார். ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் பரப்பினார். இரண்டு பேரும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். எல்லாவற்றையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வயர் முனைகளையும் பளபளவென்று சுரண்டித் திரும்ப மாட்டினார். சாவியைத் திருப்பினார். கர்ர்ர்! வண்டி கிளம்பிவிட்டது. சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஹாரன் அடித்தார்.

மறுநாள் காலை பழைய குருடி, சத்தமே இல்லை.

"ராத்திரியில ஈரம் இறங்குது" என்று முடிவுகட்டி, தன்னுடைய கம்பளியை எடுத்து வண்டிக்குப் போர்த்தினார். அவர் குளிரில் சுருண்டு படுத்தார். காலையில் வயரைப் பார்த்தார். இருக்கிற இடத்தில்தான் இருந்தது. வீட்டுக்குள் முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் புதிதாக ஒரு சின்ன பாட்டில்தான் அவர் கண்ணில் பட்டது.

"என்ன இது?"

"நெயில் பாலிஷ்."

"கலரே இல்லையே? கலர் இல்லாத பாலிஷ் எதுக்கு?"

"போட்டதே தெரியக் கூடாதுங்க. அதுதான் இதுல விசேஷம்."

பெண்களுக்குப் புத்தி எங்கே போகிறது பார் என்று நினைத்துக்கொண்டு பழைய செருப்பை மாட்டினார். தள்ளுவதற்கென்றே ஒரு செருப்பும் ஒரு கிழிந்த சட்டையும் இப்போது வைத்திருந்தார். ஆபீசில் இளைத்துவிட்டதாகச் சொன்னார்கள். தள்ளாத வயசு வருவதற்குள் இப்படித் தள்ள வைத்துவிட்டதே இந்த வண்டி என்று நொந்துகொண்டார். ஆனாலும், சொல்லக் கூடாது, அவள் கிளட்சை விடுகிற பதம் அவருக்கே பிடித்திருந்தது. வண்டி குலுங்குவதே இல்லை.

ஒரு வியாழக்கிழமை அவள் பளிச்சென்று உடுத்திக்கொண்டு வந்தாள்.

"இன்னிக்குக் கொஞ்சம் சீக்கிரம் தள்ளுங்க. டீச்சரோட ஒரு ஆபீஸ் வரைக்கும் போகணும். நீங்க பஸ்ல போயிடுங்க."

வாயைத் திறந்தார். வண்டிக்குள்ளிருந்து டீச்சரம்மா, "ம், சார்!" என்றார். தள்ளினார்.

மறுநாள் காலை கிழிந்த சட்டையோடு வந்து, வண்டியின் முதுகில் இரண்டு கையையும் வைத்து, காலை ஊன்றி மூச்சை இழுத்தார். கர்ர்ர் என்றது. அவர் தள்ளவே இல்லை. ஓடி முன்னால் வந்தார்.

"எப்படி? எப்படி ஸ்டார்ட் ஆச்சு?"

"நேத்தே சுரண்டிட்டேன்."

"எதை?"

அவள் கைப்பையிலிருந்து அந்தக் குட்டி பாட்டிலை எடுத்துக் காட்டினாள். "பெயிண்ட் மேல கரண்ட் பாயாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" கூடவே இன்னொன்றும் வெளியே வந்தது. அவள் படம் போட்ட லைசென்ஸ். மை இன்னும் புதுசாக இருந்தது.

அவர் லைசென்சைப் பார்த்தார். பாட்டிலைப் பார்த்தார். தன் செருப்பைப் பார்த்தார்.

"அப்போ... டெஸ்டுக்கே நான்தான் தள்ளி அனுப்பினேனா?"

"நல்லாவே தள்ளினீங்க."

"முட்டி வலி?"

"டாக்டர் சரியாயிடுச்சுன்னுட்டார்."

"பல் டாக்டரா?"

"அவரேதான்." அவள் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "எத்தனை தடவை கேட்டேன், சொல்லுங்க? ஒரு நாள் சொல்லிக்குடுத்திருந்தா உங்களுக்கு இந்தப் பாடே இல்லை."

கேள்வி சுருக்கென்று தைத்தது. ஆனால் அதற்காகச் சீட்டை விட்டுவிட முடியுமா? குரலைக் கனமாக்கிக்கொண்டார். "சரி, சரி. நகரு. ஆபீசுக்கு நேரமாச்சு. நான் ஓட்டறேன்."

"அந்தப் பக்கமா வந்து ஏறுங்க. நீங்க ஓட்ட வேண்டாம். உட்கார்ந்தாப் போதும்."

இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு வாசலில் டீச்சரம்மா நின்றுகொண்டிருந்தார். இஞ்சின் சார் சுற்றிக்கொண்டு போய், ஏறி உட்கார்ந்து, வந்த கோபத்தையெல்லாம் சேர்த்துக் கதவை டமாரென்று இழுத்தார்.

மனைவி முகத்தைச் சுளித்தாள்.

"மெல்லச் சாத்துங்க. பழைய வண்டி."