ஷோரூமுக்கு எதிரே இருபது அடி மாமனார்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும், என் இடது முட்டி நீங்கலாக, சௌக்கியம். அங்கே நீங்களும் மகளும் பேத்திக் குட்டியும் சௌக்கியம்தானா என்று போனில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால், பதினெட்டு நாளாக அந்த வீட்டில் யாரும் போனை எடுப்பதில்லை. ஆகவே கடிதம். போனைப் போல இதை அடிக்க விட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது. தபால்காரர் கதவிடுக்கில் போட்டுவிட்டுப் போய்விடுவார், நீங்கள் குனிந்து எடுத்துத்தான் ஆகவேண்டும்.

உங்கள் கோபம் நியாயமில்லை என்று நான் சொல்லவே மாட்டேன். நீங்கள் மலையாடு கம்பெனியின் காடுமேடு ஏறும் ஏடிவி வண்டிகளை விற்கும் ஷோரூமின் மேனேஜர். உங்கள் மேஜை ஜன்னலைப் பார்த்து இருக்கிறது. ஜன்னலுக்கு எதிரே, மருந்துக்கடை மாடியில், ஒரு விளம்பரப் பலகை. அதில் மூன்று வாரமாக, உங்கள் பரம எதிரியான முள்ளம்பன்றி கம்பெனியின் நீல வண்டி மேல், உடம்பெல்லாம் சேறாக, இருபது அடி உயரத்துக்கு நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். காலையில் ஷட்டரைத் தூக்கினால் மாமனார். மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துவிட்டு நிமிர்ந்தால் மாமனார். சாயங்காலம் விளக்கு வேறு போடுகிறார்களாமே, அப்போது பல்லெல்லாம் பளபளவென்று மாமனார். எந்த மருமகன்தான் தாங்குவார்? போதாக்குறைக்குப் படத்துக்குக் கீழே, "அறுபத்திரண்டு வயது. இப்போதுதான் சிரிக்கக் கற்றார்" என்று ஒருவன் எழுதியிருக்கிறான் பாருங்கள், அவன் கையை... சரி, வேண்டாம். கடிதத்தில் மரியாதை முக்கியம்.

வண்டி வாங்க வருகிறவர்கள் விலை கேட்பதற்கு முன்னால் "அது உங்க மாமனாராமே?" என்று கேட்கிறார்களாம். மண்டல மேலாளர் வந்து பார்த்துவிட்டு, "சொந்த மாமனாரையே நம்ம வண்டியில உக்கார வைக்க முடியலையா?" என்று கேட்டுவிட்டுப் போனாராம். இதெல்லாம் மகள் சொல்லித்தான் தெரியும். அதே மூச்சில், லீவுக்குக் குட்டியை அழைத்துக்கொண்டு பத்து நாள் வருவதாக இருந்ததையும் ரத்து செய்துவிட்டாள். "என் கல்யாண ஆல்பத்துல நானூறு போட்டோ இருக்குப்பா. ஒண்ணுல கூட நீங்க சிரிக்கல. எங்க வீட்டுக்காரர் பொழப்புல மண்ணைப் போடணும்னா மட்டும் பல்லைக் காட்டத் தெரியுதா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தவள்தான். அப்புறம் பேச்சு மூச்சு இல்லை. மாப்பிள்ளை, பலகை கிடக்கட்டும். போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்த்துவிட்டுப் போகட்டும். குட்டி வரவில்லை என்றால் இந்த வீட்டில் எனக்கு ஒரு வேலையும் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

எனக்குச் சிரிப்பு வராது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. முப்பத்து மூன்று வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவன். தராசுக்கு முன்னால் ஆய்வாளர் ஒரு தடவை சிரித்தால் கடைக்காரர் படிக்கல்லில் ஐம்பது கிராம் சுரண்டிவிடுவார். சந்தையில் எனக்கு உம்மணாமூஞ்சி சார் என்று பெயர்; அதை நான் பதவி உயர்வாகத்தான் எடுத்துக்கொண்டேன். நான் ரிட்டயர் ஆன அன்று நீங்கள் மஞ்சள் ரிப்பன் கட்டிய மலையாடு வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "மாமா, இனிமேலாவது கொஞ்சம் ஜாலியா இருங்க" என்றீர்கள். கொழுத்த நாலு சக்கரமும் பைக் ஹேண்டில்பாரும் வைத்த அந்த உருப்படியை என்ன செய்வது என்றே எனக்குத் தெரியவில்லை. ஆனால் மாப்பிள்ளை கொடுத்தது. அன்று முதல் நான் மலையாட்டுக்காரன். மஞ்சள் ஹெல்மெட், மஞ்சள் மழைக்கோட்டு, கொம்பு வைத்த மஞ்சள் தேநீர்க் கோப்பை. எதிரே இன்னொரு மலையாடு வந்தால் இடது கையைத் தூக்கிக் காட்ட வேண்டும், முள்ளம்பன்றி வந்தால் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மரத்தைப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் சொல்லிக்கொடுத்ததை ஒரு நாளும் மீறியதில்லை. நம் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் முள்ளம்பன்றிக்காரர். எனக்குக் கடைவாய்ப் பல் வலி வந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் டாக்டர் இருக்க, நான் பதினாலு கிலோமீட்டர் மலையாட்டிலேயே போய் வேறொருவரிடம் பிடுங்கிக்கொண்டு வந்தேன். மேடுபள்ளத்தில் பல் பாதி வழியிலேயே முக்கால்வாசி கழன்றுவிட்டது, அது உங்கள் வண்டியின் சிறப்பு. இதற்கு மேல் ஒரு மனிதன் எப்படி விசுவாசம் காட்டுவது?

சம்பவம் நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நானும் உங்கள் அத்தையும் ஆற்றோரம் போனோம். வளைவு தாண்டியதும் வண்டி சேற்றில் இறங்கிவிட்டது. வண்டியில் ஒரு குறையும் இல்லை, சேற்றில்தான் குறை. நான் முறுக்க முறுக்க அது ஆழமாகப் போயிற்று. கரையில் டாக்டர் நீல வண்டியை நிறுத்திவிட்டு, "சார், கயிறு போடட்டுமா?" என்றார். உங்களுக்கே தெரியும், எதிர்க் கம்பெனிக்காரனிடம் கயிறு வாங்கினால் அவன் வண்டியில் ஒரு சுற்று ஓட்ட வேண்டும், அதைப் படம் எடுத்து அவர்கள் வண்டிக்காரர் சங்கத்தில் மாட்டுவார்கள். இரண்டு கம்பெனிக்காரர்களுக்கும் இதில் மட்டும்தான் ஒற்றுமை. "தேவையில்லை, எங்க ஆளுங்க வருவாங்க" என்றேன். வரவில்லை. எப்படி வருவார்கள்? அன்றைக்கு உங்கள் ஷோரூமில் மலையாடு வண்டிகளுக்கெல்லாம் இலவச வாட்டர் வாஷ் என்று நீங்கள்தானே கூப்பிட்டிருந்தீர்கள்? ஊரில் இருந்த அத்தனை மஞ்சள் வண்டியும் அங்கே சோப்பு நுரையில் நிற்கிறது, இங்கே ஒன்று மட்டும் சேற்றில் நிற்கிறது. இரண்டரை மணி நேரம் மாப்பிள்ளை! உங்கள் மானத்துக்காக இரண்டரை மணி நேரம். சேறு சீட்டுக்கு வந்தது. அத்தை காலைத் தூக்கி மடக்கி சீட் மேல் உட்கார்ந்துகொண்டு என்னையே பார்த்தாள். டாக்டர் கரையில் உட்கார்ந்து கடலை உரித்துத் தின்றார். கடைசியில் அத்தை எழுந்து நின்றாள். "டாக்டர் தம்பி, கயிறைப் போடுங்க. இவரு மானம் இவரு கூடவே முழுகட்டும், நான் வீட்டுக்குப் போய் அடுப்பு பத்த வைக்கணும்" என்று சொல்லிவிட்டாள். ஆக, கயிறு வாங்கியது நான் இல்லை, உங்கள் அத்தை. இதை அடிக்கோடு போட்டுப் படித்துக்கொள்ளவும்.

வழக்கப்படி நீல வண்டியில் சுற்று ஓட்டியது மட்டும்தான் நான். இனி அந்தச் சிரிப்புக்கு வருகிறேன். அது சிரிப்பே அல்ல. முதல் காரணம், ஹெல்மெட். டாக்டருடையது, சின்ன அளவு. அதன் வார் என் இரண்டு கன்னத்தையும் மேலே இழுத்துப் பிடித்துவிட்டது. அடுத்தது எதிர்க்காற்று. வாயை மூடுவதற்குள் ஒரு பூச்சி உள்ளே போய்விட்டது, அது வெளியே வரட்டும் என்று திறந்து வைத்திருந்தேன். அதற்கும் மேலே, நான் அப்போது "நிறுத்து, நிறுத்து" என்று கத்திக்கொண்டிருந்தேன். ஓட்டியதே நீங்கள்தானே என்று மகள் கேட்பாள். பதற்றத்தில் இருக்கிற மனுஷன் யாரிடம் சொல்கிறோம் என்றெல்லாம் பார்ப்பானா? குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சாதிக்கிறேன் என நினைக்காதீர்கள். மீசையில் அரைக் கிலோ ஒட்டியிருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

அப்படி அந்த வண்டியில் என்னதான் இருக்கிறது? ஒன்றுமில்லை. கட்டை விரலால் லேசாகத் தொட்டால் போதும், கூப்பிட்ட மாதிரி ஓடுகிறது. முதல் மேட்டில் ஏறியதும் நாலு சக்கரமும் ஒரு கணம், ஒரே ஒரு கணம்தான், தரையை விட்டு எழும்புகிறது. நாம கீழே வந்துடுவோம் மாப்பிள்ளை, வயிறு மட்டும் மேலேயே நின்னுடும். அப்புறம் அது நிதானமா வந்து நம்ம கூட சேர்ந்துக்கும். இதுல என்ன சந்தோஷம் இருக்கு? தண்ணியில இறக்கினா ரெண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குத் தண்ணி எழும்பி, வெயில் பட்டு, அப்படியே நம்ம தலையில கொட்டுது. இதெல்லாம் சின்னப் பிள்ளைங்க விளையாட்டு. ஒரு சுற்றுதான் வழக்கம். நான் நாலு சுற்று போனதற்குக் காரணம், பிரேக் எங்கே இருக்கிறது என்று தெரியாததுதான். பிரேக் எல்லா வண்டியிலும் ஒரே இடத்தில்தான் இருக்கும் என்று டாக்டர் சொல்கிறார். அவர் பல் டாக்டர், வண்டியைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

இறங்கியதும், படம் எடுக்க டாக்டர் போனில் வரவழைத்திருந்த அவர்கள் சங்கத்துச் செயலாளர் ஒரு தாளை நீட்டினார். கயிறு வாங்கியதற்கு ரசீதாக்கும் என்று கையெழுத்துப் போட்டேன். ஊரார் தாளையெல்லாம் ஒரு புள்ளி விடாமல் படித்தவன், என் தாளைப் படிக்கவில்லை; கண்ணாடியெல்லாம் சேறு. அது படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தச் சம்மதக் கடிதமாம். ஊரில் எத்தனையோ பலகை இருக்க, அது உங்கள் ஜன்னலைத் தேடி வந்து உட்கார்ந்ததற்கு நான் என்ன செய்ய? எடுக்கச் சொல்லி எழுதிக் கேட்டேன். ஆறு மாத ஒப்பந்தமாம். மழை பெய்தால் கிழியுமா என்று கேட்டேன். நல்ல கெட்டித் துணியாம்.

பரிகாரம் தேடாமல் நான் சும்மா இருக்கவில்லை. மலையாட்டின் மேல் உட்கார்ந்து அதைவிடப் பெரிதாகச் சிரித்து ஒரு படம் எடுத்து, உங்கள் ஷோரூம் கண்ணாடி முழுக்க ஒட்டிவிடலாம் என்று திட்டம். மூன்று நாள் நிலைக்கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். முதல் நாளே அத்தை பார்த்துவிட்டு, "ஐயையோ, வாய் கோணிக்கிச்சே!" என்று அலறிக்கொண்டு சுவர்ப் பக்கம் ஓடி டாக்டரைக் கூப்பிட்டாள். அவர் வந்து என் வாயைத் திறந்து பார்த்து, "பல்லுல ஒண்ணும் கோளாறு இல்ல, மனசுலதான்" என்றார். பிறகு புகைப்படக்காரரை வீட்டுக்கே வரவழைத்தேன். இரண்டு மணி நேரம். "சார், கொஞ்சம் சிரிங்க" என்றார், சிரித்தேன். "சார், எங்கயாவது வலிக்குதா?" என்றார். "சரி, உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச ஒண்ணை நெனச்சுக்குங்க" என்றார். குட்டியை நினைத்தேன். நினைத்த உடனே, அவள் வரப் போவதில்லை என்பதும் கூடவே வந்துவிட்டது. அந்தப் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். தயவுசெய்து ஷோரூமில் மாட்ட வேண்டாம். அதைப் பார்த்தால் மலையாடு வாங்க வந்தவர் சைக்கிள் வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள், என்னிடம்தான் பேச மாட்டேன் என்கிறாள். அந்த நானூறு போட்டோவிலும் நான் சிரிக்கவில்லை, உண்மை. அன்று காலையிலிருந்தே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். உதட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், வருவது சிரிப்பாக இருக்காது என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் பெண்ணைப் பெற்றவன் ஓவென்று அழுதால் நன்றாகவா இருக்கும்? அவள் காரில் ஏறிப் போனபின், சமையற்கட்டுக்குப் பின்னால் பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்று அழுது தீர்த்தேன். அங்கே போட்டோக்காரர் வரவில்லை. வந்திருந்தால் நானூற்று ஒன்றாவது படம் இருந்திருக்கும்.

ஆகவே மாப்பிள்ளை, இன்றும் நான் மலையாட்டுக்காரன்தான், என்றும் மலையாட்டுக்காரன்தான். அந்த நீலச் சனியனை இனி ஏறெடுத்தும் பார்க்க மாட்டேன் என்று உங்கள் மேல் ஆணையாக எழுதுகிறேன். மனம் இரங்கி, லீவுக்கு மூன்று பேரும் வர வேண்டும். குட்டிக்கு மாடி அறையைப் பெருக்கித் துடைத்து வைத்தாயிற்று.

நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல், பஞ்சர் இல்லாமல், எதிரே எந்தப் பலகையும் இல்லாமல் நீடூழி வாழ உங்கள் அத்தையும் நானும் மனமார ஆசி கூறுகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் சொல் தட்டாத மாமனார்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து, தபால் நிலைய ஜன்னலோரம் நின்றபடி இதை எழுதுகிறேன். காகிதத்தில் இருப்பது தேநீர்க் கறை அல்ல, ஆற்றோரச் சேறு. மலையாடு இன்று காலை கிளம்பவில்லை (பனியின் குறை). டாக்டர் சுவருக்கு மேலாக நீல வண்டிச் சாவியை நீட்டினார், முட்டி வலியோடு நடப்பானேன் என்று வாங்கிக்கொண்டேன். நம் வீட்டிலிருந்து தபால் நிலையம் ஐந்து நிமிட நடை. ஆற்றோரமாகச் சுற்றி வந்தால் ஒன்பது கிலோமீட்டர். சுற்றித்தான் வந்தோம். பக்கக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். ஹெல்மெட் என்னுடையது, பூச்சி எதுவும் இல்லை. சிரிப்புதான் மாப்பிள்ளை. நல்லாவே சிரிச்சிருக்கேன். உங்களுக்குக் கோபம் தீர ஆறு மாதம் ஆனாலும் நியாயம்தான், நீங்கள் ஒப்பந்தம் முடிந்தபின் நிதானமாக வாருங்கள்; குட்டியையும் அவள் அம்மாவையும் மட்டும் இந்த வாரமே அனுப்பி வையுங்கள். இதற்கு மேல் எழுத நேரமில்லை. அத்தை வெளியே வண்டியில் உட்கார்ந்துகொண்டு ஹாரன் அடிக்கிறாள். திரும்பிப் போகும்போது அவள்தான் ஓட்டுவாளாம்.