சமத்துவப் பாட்டுக்கு ஊதா மை

மனித குலத்தைப் பீடித்த ஏற்றத்தாழ்வு என்னும் நோய்க்கு மருந்து தேடி ஞானிகள் காட்டில் கிடந்தார்கள். தலைவர்கள் சிறையில் கிடந்தார்கள். அறிஞர்கள் நூலகங்களில் தும்மிக்கொண்டு கிடந்தார்கள். பாவம், அவர்களில் ஒருவருக்கும் நடனம் தெரியாது. அந்த நோயை இரண்டரை மணி நேரத்தில், இடைவேளை உட்பட, குணப்படுத்திக் காட்டிய பெருமை எங்கள் கம்பெனியையே சேரும். அந்த மகத்தான பணியில் தயாரிப்பு நிர்வாகி என்ற முறையில் அடியேனுக்கும் ஓர் எளிய பங்கு உண்டு.

படத்தின் பெயர் 'கை கோத்துக்கோ'. ஓர் ஊர். அதில் மேட்டுத் தெரு, பள்ளத் தெரு. ஊர் நடன அரங்கின் நடுவே ஒரு கயிறு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் மேட்டுத் தெருக்காரர்கள் ஆடலாம்; அந்தப் பக்கம் பள்ளத் தெருக்காரர்கள் வேடிக்கை பார்க்கலாம். மேட்டுத் தெருவைச் சேர்ந்த கதாநாயகி ஆறு பாட்டு வரை யோசித்துவிட்டு, ஏழாவது பாட்டில் கயிற்றை அறுத்தெறிகிறாள். எல்லாரும் கலந்து ஆடுகிறார்கள். பாகுபாடு அத்துடன் ஒழிகிறது. ஒழிந்தே தீர வேண்டும். எட்டாவது பாட்டுக்கு முதலாளி ஒப்புக்கொள்ளவில்லை.

"அழுதுக்கிட்டே விசிலடிக்கணும்யா. அந்த மாதிரி எடுங்க" என்பதுதான் அவர் எங்களுக்கு வழங்கிய கொள்கை விளக்கம்.

டைரக்டர் மனிதநேயமே உருவானவர். நெஞ்சில் 'அன்பு' என்று அச்சடித்த சட்டையைத்தான் போடுவார். அது சலவைக்குப் போகும் நாளில் 'கருணை'. இரண்டும் சலவைக்குப் போன நாளில் அவரிடம் யாரும் பேசமாட்டோம்.

இங்கே எங்கள் தொழிலின் ஒரு நுணுக்கத்தைச் சொல்லியாக வேண்டும். கூட்டக் காட்சிக்கு வரும் துணை நடிகர்களில் இரண்டு வகை உண்டு. விருந்து, விமானநிலையம், பெரிய மனிதர் வீட்டுக் கல்யாணம் போன்ற காட்சிகளில் நிற்பவர்கள் 'ரிச்'. சந்தை, கலவரம், வெள்ளம் போன்றவற்றில் நிற்பவர்கள் 'சாதா'. யார் ரிச், யார் சாதா என்பதை ஸ்டுடியோ வாசலில் நிற்கும் ஏஜென்ட் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். நிறத்தைப் பார்ப்பார், மூக்கைப் பார்ப்பார், பல்லைப் பார்ப்பார். மாட்டுத் தரகர்கூட இவ்வளவு பொறுப்பாகப் பார்ப்பதில்லை. ரிச்சுக்கு நாற்காலி, மின்விசிறி, இனிப்போடு சாப்பாடு. சாதாவுக்குக் கூரையில்லாத பக்கம், பொட்டலம். இது பாகுபாடு அல்ல, 'நிர்வாக வசதி'.

சாப்பாட்டுக் கூடத்தில் இந்த வசதிக்காக நடுவே ஒரு கயிறு கட்டியிருப்போம். படத்தில் கதாநாயகி அறுப்பதற்கு நல்ல பழைய, அழுக்கேறிய கயிறு வேண்டும் என்று ஆர்ட் டைரக்டர் அலைந்தபோது, அதைத்தான் அவிழ்த்துக் கொடுத்தேன். கலைக்காகத் தியாகம் செய்யத் தயங்குபவன் நானல்ல. சாப்பாட்டுக் கூடத்தில் தற்காலிகமாகச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டோம்.

சாதாவில் 'ஓரத்தக்கா' என்று ஒரு பெண்மணி. எந்தப் படத்திலும் திரையின் ஓரத்தில் மட்டுமே வந்ததால் யூனிட் வைத்த பெயர். ஒரு படத்தில் காது வரும், இன்னொன்றில் முழங்கை, வேறொன்றில் பின்னலின் நுனி. அவள் கணவர் தையல்காரர். "எல்லாப் படத்தையும் வெட்டி ஒண்ணாத் தச்சா எனக்கு ஒரு முழுப் பொண்டாட்டி தேறும்" என்று அவர் சொல்வாராம். அதை ஓரத்தக்காவே சொல்லிவிட்டு முதல் ஆளாகச் சிரிப்பாள்.

ஒத்திகையில் டான்ஸ் மாஸ்டர் அவளைக் கவனித்துவிட்டார்.

"அந்தக்கா காலு தரையில படுதா இல்லையான்னே தெரியல. ஏழாவது பாட்டுல கதாநாயகி கயித்த அறுத்துட்டு ஓடிப்போய் இவங்க கையத்தான் பிடிக்கணும். ரெண்டு கை, ரெண்டு முகம். க்ளோசப்!"

ஏஜென்ட் பதறிப்போனார். "மாஸ்டர், அது சாதா! க்ளோசப்புக்கு ரிச்ல நல்ல சாதா முகமா ஒண்ணு பார்த்துத் தரேன்."

"நிஜ சாதா இருக்கறப்ப போலி சாதா எதுக்குய்யா?" என்று மாஸ்டர் கத்தினார். டைரக்டர் அன்று 'அன்பு'ச் சட்டையில் இருந்ததால் அனுமதி கிடைத்தது.

அன்று முதல் ஓரத்தக்காவுக்குத் தரையே தெரியவில்லை. தெருவில் எல்லாருக்கும் சொல்லிவிட்டாள். நாத்தனாருக்கு மட்டும் இரண்டு தடவை சொன்னாள். "முகம் தெரியுமா அண்ணி, இல்ல இந்தத் தடவையும் காதா?" என்று நாத்தனார் கேட்டதற்கு, "வந்து பாரு" என்று மட்டும் பதில் சொன்னாளாம். ஒரு சாதாவுக்கு இவ்வளவு தன்னம்பிக்கை தந்ததே எங்கள் படத்தின் முதல் வெற்றி என்று கருதுகிறேன்.

ஏழாவது பாட்டின் படப்பிடிப்பு தொடங்கியது. 'கோடு எதுக்கு, கூடி ஆடு' என்பது பல்லவி. கயிறு அறுந்ததும் மேட்டுத் தெருக்காரர்கள் தங்கள் கோட்டுகளைக் கழற்றிப் பள்ளத் தெருக்காரர்களுக்குப் போட்டுவிட வேண்டும். பள்ளத் தெருக்காரர்கள் தங்கள் தொப்பிகளை அவர்களுக்கு மாட்டிவிட வேண்டும். யார் எவர் என்று தெரியாதபடி எல்லாரும் கலக்க வேண்டும் என்பது டைரக்டரின் தரிசனம். தரிசனம் அச்சு அசலாக நிறைவேறியது. அதுதான் வினையாகிவிட்டது.

மதிய இடைவேளை. கோட்டுப் போட்டவர்கள் எல்லாரும் ரிச் என்று நம்பிய சாப்பாட்டு மேனேஜர், சாதாக் கூட்டம் முழுவதையும் நாற்காலியில் உட்காரவைத்து இனிப்புப் பரிமாறிவிட்டார். தொப்பி போட்ட ரிச் கூட்டம் வெயிலில் பொட்டலத்துடன் நின்றது.

"மேனேஜர், நாங்க ரிச்!"

"இப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க. வரிசையில நில்லுங்க."

"என் முகத்தப் பார்த்தா சாதா மாதிரியா இருக்கு?"

"வேர்த்துட்டா எல்லா மூஞ்சியும் ஒண்ணுதான் சார்."

நான் ஓடிவந்து பார்ப்பதற்குள் சாதாவில் பலர் இரண்டாம் முறை இனிப்பு வாங்கிவிட்டார்கள். நாடே கவிழ்ந்ததுபோல் இருந்தது.

"என்னய்யா இப்படிக் கலந்துவிட்டுட்டே?" என்றேன்.

"கலந்தது நானா? உங்க பாட்டு! யாரு ரிச்சு, யாரு சாதான்னு அவங்கவங்க நெத்தியில எழுதியா ஒட்டியிருக்கு?" என்றார் மேனேஜர்.

சரித்திரத்தின் பெரிய கண்டுபிடிப்புகள் எல்லாம் இப்படித்தான், யாரோ கோபத்தில் சொன்ன ஒரு வார்த்தையிலிருந்து பிறந்திருக்கின்றன. நெற்றி கூடாது, கேமராவில் தெரியும். ஆனால் மணிக்கட்டு?

உடனே அவசர ஆலோசனைக் கூட்டம் கூட்டினேன். வாடகை உடைகளில் குத்துவதற்காக உடைப் பிரிவில் ஒரு ரப்பர் முத்திரை உண்டு. 'இரவல்' என்று இருக்கும். ஊதா மை. எத்தனை வெளுப்புக்கும் போகாது. அதை வலது மணிக்கட்டில் குத்திவிட்டால் சாப்பாட்டுக் கூடத்தில் குழப்பமே வராது என்று விளக்கினேன்.

டைரக்டர் கண்களை மூடி யோசித்தார். "பாகுபாடு காட்டக் கூடாது. குத்தினா எல்லாருக்கும் குத்துங்க."

"எல்லாருக்கும் குத்தினா முத்திரை எதுக்கு சார்?"

"அப்ப ரிச்சுக்கு மட்டும் குத்துங்க. ஒரு புரட்சியா இருக்கும்."

"ஐயோ, அவங்க தோல் மென்மையானது" என்றார் ஏஜென்ட். "தடிப்பு வந்துட்டா அடுத்த படத்துக்கு எப்படி அனுப்புவேன்?"

"சரி, சாதாவுக்கே குத்துங்க. ஆனா மரியாதையா குத்தணும். கனத்த மனசோடதான் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு டைரக்டர் எழுந்து போனார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

மறுநாள் காலை சாதாக் கூட்டம் வரிசையில் வந்து வலது கையை நீட்டியது. டைரக்டரின் உத்தரவுப்படி ஒவ்வொருவருக்கும் 'வணக்கம்' சொல்லிவிட்டுத்தான் குத்தினோம். ஓரத்தக்கா மட்டும் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"சார், எனக்கு மத்தியானம் சாப்பாடே வேணாம் சார். முத்திரை மட்டும் வேணாம். இன்னிக்குக் க்ளோசப் இருக்கு. கைதானே சார் முன்னாடி வருது?"

எனக்கு மனம் இளகிவிட்டது. ஆனாலும் கொள்கை என்று ஒன்று இருக்கிறதே.

"அதெப்படிம்மா? உனக்கு மட்டும் விலக்குக் கொடுத்தா அது பாகுபாடு ஆயிடாதா?"

அவள் கையை நீட்டினாள். சற்று நேரத்தில் குழாயடியில் அவள் மணிக்கட்டைத் தேய்ப்பதைப் பார்த்தேன். சோப்பு, பிறகு மணல், பிறகு ஒரு செங்கல் துண்டு. கைதான் சிவந்தது. எங்கள் உடைப் பிரிவு தரத்தில் சமரசம் செய்துகொள்வதில்லை.

ஷாட் தயாரானது. கதாநாயகி கயிற்றை அறுத்தாள். ஓடிப்போய் ஓரத்தக்காவின் கையைப் பிடித்தாள். இரண்டு கைகளும் உயர்ந்தன. அவற்றைப் பார்த்து அத்தனை பேரும் கைகளை உயர்த்தினார்கள். ஓரத்தக்காவின் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்துக்கு எந்த விளக்கும் காரணமல்ல என்று லைட்மேனே சொன்னார். டைரக்டர் தேம்பினார். முதலாளி அழுதுகொண்டே விசிலடித்தார். எல்லார் கண்ணிலும் நீர் நிறைந்திருந்ததால் மானிட்டரில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

எடிட்டிங் அறையில் கண்ணீர் காய்ந்தபிறகுதான் தெரிந்தது. பாகுபாட்டை ஒழிக்கும் பாட்டில் உயர்ந்த கைகளில் பாதிக்கு மேல் ஊதா நிறத்தில் 'இரவல்'.

"தூரத்துல இருக்கிற கையெல்லாம் பிரச்சினை இல்ல சார், துடைச்சிடலாம்" என்றார் கிராபிக்ஸ்காரர். "இந்தக் க்ளோசப்தான் கஷ்டம். விரல் பின்னியிருக்கு, கை ஆடுது, மேல வெளிச்சம் வேற. மையை மட்டும் எடுத்தா கை ரப்பர் மாதிரி ஆயிடும்."

"திரும்ப எடுத்துடலாமே?" என்றார் டான்ஸ் மாஸ்டர்.

முடியாது. கதாநாயகி வெளிநாட்டில் இருந்தார். சமத்துவம் குறித்த மாநாட்டில் பேசப் போயிருந்தார்.

"வேற வழியே இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கு சார். மையை எடுக்கறதுதான் கஷ்டம். ஆளையே எடுத்துடறது சுலபம்."

அப்படியே செய்தோம். ஓரத்தக்கா இருந்த இடத்தில் வானத்தை வைத்தோம். அவள் கை இருந்த இடத்தில், கதாநாயகியின் இன்னொரு கையையே திருப்பி ஒட்டினோம். டான்ஸ் மாஸ்டர் மட்டும் தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். அதையும் எடுத்தோம், அது இன்னும் சுலபம்.

ஆக, படத்தின் உச்சகட்டத்தில் கதாநாயகி தடைகளை எல்லாம் தகர்த்து ஓடிவந்து, தன் கையைத் தானே பிடித்துக்கொள்கிறாள். தியேட்டரே அழுதது. 'தன்னோடு கைகோக்காதவர் பிறரோடு கைகோக்க முடியாது என்னும் ஆழ்ந்த குறியீடு' என்று ஒரு விமர்சகர் எழுதினார். டைரக்டர் அதைப் படித்துவிட்டு, தான் ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் நினைத்திருந்ததாகப் பேட்டி கொடுத்தார்.

படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. இப்போது நாலு கம்பெனிகள் சமத்துவப் படம் எடுக்கின்றன. நாலிலும் ஆட்டம் உண்டு, பாட்டு உண்டு, என் முத்திரையும் உண்டு.

வெற்றி விழாவில் படத்தை மறுபடி போட்டுக்காட்டினோம். பெருந்தன்மையோடு ஓரத்தக்காவுக்கும் கடைசி வரிசையில் இடம் கொடுத்திருந்தேன். கணவரோடும் நாத்தனாரோடும் வந்திருந்தாள். படம் முடிந்து நான் மேடைக்குப் போகும் வழியில் நிறுத்தினாள். வேறொரு கம்பெனியின் படப்பிடிப்பிலிருந்து நேராக வந்திருப்பாள் போலும். மணிக்கட்டில் மை ஈரம் காயாமல் இருந்தது.

"சார், அவங்க யாரு கையப் பிடிச்சிருக்காங்க?"

"அவங்க கையத்தான்மா."

"அப்ப என் கை எங்க சார்?"

"உன் கை பத்திரமா உன்கிட்டதானே இருக்கு?" என்று சிரித்தேன். தையல்காரர் சிரிக்கவில்லை. நாத்தனார்கூட, "வாங்க அண்ணி, வீட்டுக்குப் போகலாம்" என்று மெதுவாகத்தான் சொன்னாள். ஓரத்தக்கா போகவில்லை. உட்கார்ந்தாள்.

மேடையில் எனக்கு 'சமத்துவச் செம்மல்' விருது வழங்கினார்கள். நெகிழ்ந்துபோய்ப் பேசினேன்.

"எங்கள் படத்தைச் சல்லடை போட்டுச் சலித்துப் பாருங்கள்! அதில் பாகுபாட்டின் சுவடு ஒன்றாவது கண்டவர் இருந்தால், இங்கேயே கையைத் தூக்கட்டும்!"

கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

முன்வரிசை திரும்பிப் பார்த்தது. அது படத்தின் ஆட்டம் என்று நினைத்துக்கொண்டு ஒருவர் கையை உயர்த்தினார். பிறகு பத்துப் பேர். பிறகு அரங்கமே எழுந்து, கைகளை உயர்த்தி, 'கோடு எதுக்கு, கூடி ஆடு' என்று பாட ஆரம்பித்தது. முதலாளி விசிலடித்தார். டைரக்டர் அழுதார். அத்தனை கைகளும் அசைந்தன. கடைசி வரிசையில் ஒன்று மட்டும் அசையாமல், மணிக்கட்டை என் பக்கம் திருப்பியபடி நின்றது.

லைட்மேனுக்குக் கண்ணைக் காட்டினேன். கடைசி வரிசை இருண்டது.

பாகுபாட்டை ஒழிக்க எனக்கு இப்போதெல்லாம் கம்ப்யூட்டர்கூடத் தேவைப்படுவதில்லை. ஒரு விளக்கை அணைத்தால் போதும்.