மடுகரைக்குப் போன மைதானம்

பண்டசோழநல்லூர்,
1936, பங்குனி 19, புதன்கிழமை

எங்கள் ஊர் மைதானத்தை நீ திருடிக்கொண்டு போய்விட்டாய்.

சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிட்டேன். இனி மரியாதை. நம் ஊர்களையெல்லாம் சேர்த்து ஆளுகிற கொம்யூன் மேர் கச்சேரியில் எழுத்து வேலை பார்க்கிறவனும், என்னைவிட எட்டு மாதம் மூத்தவனும், அந்த எட்டு மாதத்தை இன்றுவரை மறக்க விடாதவனுமான அத்தை மகன் பலராமன் மச்சானுக்கு, மாமன் மகன் மணவாளன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, இரண்டு எருமை, எல்லாரும் சுகம். அங்கே மடுகரையில் அத்தையும் மாமாவும் சுகமாக இருக்க வேண்டும். நீயும் சுகமாக இரு. உனக்கென்ன குறை, மைதானம் இருக்கிறதே.

கொம்யூனுக்கு ஒரே ஒரு பந்து மைதானம், மூங்கில் படி கட்டி, கீற்றுப் பந்தல் போட்டு, புதுவை கோஷ்டியும் வில்லியனூர் கோஷ்டியும் பாகூர் கோஷ்டியும் வந்து ஆடுகிற மாதிரி ஒன்று, என்று மேர் சொன்ன அன்றே தெரியும், அது எங்கள் ஊருக்கா உங்கள் ஊருக்கா என்றுதான் வந்து நிற்கும் என்று. எங்கள் ஊரில் அப்பாவும் பங்காளிகளும் ஊருக்குப் பின்னால் அறுவடை முடிந்த ஐந்து காணியைத் தர ஒப்புக்கொண்டார்கள். அதை ஒப்புக்கொள்ள வைக்க நான் பதினோரு நாள் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. உனக்கு அதெல்லாம் தெரியாது. உங்கள் ஊரில் முள்ளும் கல்லும் கிடக்கிற மேடு, எள் விதைத்தால்கூட முளைக்காத இடம், கேட்பாரில்லாமல் கிடந்தது. யார் வீட்டிலும் யாரும் பட்டினி கிடக்கத் தேவைப்படவில்லை.

எனக்கு அந்த மைதானம் எதற்கு என்று நீ ஒரு தரம்கூடக் கேட்டதில்லை. நான் நன்றாக ஆடுவேன் என்பதற்காக இல்லை, நான் நன்றாக ஆடுவதில்லை என்று எனக்கே தெரியும். எங்கள் ஐந்து காணிக்குப் போக ஒரே வழி எங்கள் பெரிய தெரு. அந்தத் தெருவில் பவுல்ராஜ் நடக்கக் கூடாது. எங்கள் கோஷ்டியில் இடது ஓரம் ஆடுகிறவன், போன வருஷம் பாகூரில் மூன்று கோல் போட்டவன், எங்கள் நிலத்திலேயே ஏர் ஓட்டுகிறவன், சேரியிலிருந்து எங்கள் களத்துக்கு வர வாய்க்கால் வழியாக அரை மணி சுற்றி, முழங்கால் சேற்றோடு வருகிறான். மைதானம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை தோறும் நாலு கொம்யூன் ஜனம் அந்தத் தெருவில் நடக்கும், அந்தக் கூட்டத்தில் யாரை நிறுத்தி எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்பார்கள், ஒரு வருஷத்தில் தெரு தானாகத் திறந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். பவுல்ராஜிடமும் சொன்னேன். அவன் சிரித்தான். "நீ இன்னா மணவாளா, தெருவத் தொறக்க பந்து போதும்னு நெனைக்கிறே, பாப்பம்" என்றான்.

இப்போது உன் திருட்டுக்கு வருகிறேன். மேரும் புதுவையிலிருந்து வரும் பிரெஞ்சுத் துரையும் செவ்வாய்க்கிழமை இடம் பார்க்க வருகிறார்கள் என்று காகிதம் வந்தது. நிலம் மட்டமாக இருக்க வேண்டும் என்பதுதான் அதில் முதல் விதி. அதற்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, நீ திடுமென்று எங்கள் வீட்டுக்கு வந்தாய். எதற்கு வந்தாய்? மாமனைப் பார்க்க என்றாய். வருஷம் முழுக்கத் தெரியாத மாமன் அன்றைக்கு உனக்குத் தெரிந்தார். ஆட்டுக்கறிக் குழம்பு இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாய். அம்மா என் கிண்ணத்திலிருந்து எடுத்து உனக்கு வைத்தாள், அதையும் சாப்பிட்டாய். பிறகு மாட்டுக் கொட்டகைக்கு அப்பாவைத் தனியாக அழைத்துப்போய்க் காதில் எதையோ ஓதினாய். நான் கேட்கவில்லை, உண்மைதான். ஆனால் என் பங்குக் கறியைத் தின்ற வாய் வேறென்ன சொல்லியிருக்கும்? நடந்ததைப் பார்த்தால் குழந்தைக்கும் விளங்கும்.

திங்கட்கிழமை நான் புதுவைக்குப் போய்விட்டேன். பந்துக்கு உள்பை வாங்கவும், மேருடைய மோட்டாரிலேயே ஏறி வழிகாட்டி வரவும். போகும்போது வண்டியிலிருந்து அப்பாவைப் பார்த்துக் கத்தினேன்: "அப்பா, மட்டம் பத்திரம்! மட்டம்தான் பாப்பாங்க!" செவ்வாய்க்கிழமை காலை மோட்டாரில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். வழியெல்லாம் தெரிந்தவன் யாராவது பார்க்க மாட்டானா என்று தலையை வெளியே நீட்டிக்கொண்டே வந்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. பெரிய தெருவைத் தாண்டி, வேலிப் படலைத் திறந்து, "இதோ, நம்ம மைதானம்" என்று கை நீட்டினேன் மச்சான். அங்கே மைதானம் இல்லை. வானம் இருந்தது. ஐந்து காணி வானம் தரையில் கிடந்தது, மேகம்கூட இருந்தது, ஒரு கொக்கு அதன் நடுவில் நின்றது.

அப்பா ஏரி மதகிலிருந்து தண்ணீர் வாங்கிப் பாய்ச்சி, ஏழு ஏர் கட்டி உழுது, பரம்பு அடித்து, கணுக்கால் அளவு தண்ணீரை நிறுத்திவைத்திருந்தார். மாடுகளைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு எண்ணெய் தடவியிருந்தார். பெண் பார்க்க வருகிறவர்களை வரவேற்கிற மாதிரி புது வேட்டி கட்டி வரப்பில் நின்றிருந்தார். "வாங்க தொர, வாங்க. பாத்துக்குங்க. ஒரு வெரக்கட ஏத்த எறக்கம் இருந்தா எங்காத அறுத்துக்குங்க. தண்ணி நிறுத்தாம மட்டம் எப்படித் தெரியும்?"

துரை ஒரு கோலை வாங்கி நாலு மூலையிலும் நடுவிலும் விட்டுப் பார்த்தார். எல்லா இடத்திலும் தண்ணீர் ஒரே அளவு. இப்படி ஒரு மட்டத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை என்று அவர் சொன்னதாக மேர் தமிழில் சொன்னார். எனக்கு ஒரு நொடி நம்பிக்கைகூட வந்தது. பிறகு, இது காய எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்கள். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "காயறதா? இத்தினி சோக்கா சேறு பண்ணி வச்சிருக்கறேன், எதுக்குங்க காயணும்? நாளைக்கே நாத்து நடலாம்!" மேர் ஓரடி எடுத்து வைத்தார், கால் வந்தது, பூட்சு வரவில்லை. அதை எடுக்க மூன்று பேர் கை விட்டார்கள். எப்படியாவது பந்து ஓடும் என்று காட்டிவிடலாம் என்று நான் பவுல்ராஜைக் கூப்பிட்டு, "உதைடா" என்றேன். பாகூரில் மூன்று கோல் போட்ட கால் அது. பந்து 'ப்ளக்' என்று சொல்லி அங்கேயே உட்கார்ந்தது. அதன் மேல் ஒரு தவளை ஏறியது. துரை தவளையையே சற்று நேரம் பார்த்துவிட்டு, மோட்டாரில் ஏறினார்.

அடுத்து மடுகரை. உன் முள் மேடு எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தது. நீ குடையோடும் சீவின இளநீரோடும் தயாராக நின்றாய் என்று டிரைவர் பிறகு சொன்னான். மேர் வெறுங்காலோடு இறங்கியதும் உன் செருப்பைக் கழற்றிக் கொடுத்தாயாம். ஒன்றுக்கும் உதவாத நிலம் என்கிற ஒரே தகுதியில் உங்கள் ஊர் ஜெயித்தது. எங்கள் நிலம் நல்ல நிலமாக இருந்ததற்குத் தண்டனை.

போன ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா ஆட்டத்துக்கு வந்தேன். வரக் கூடாது என்றுதான் இருந்தேன், கால் வந்துவிட்டது. வில்லியனூரிலிருந்து பதினேழு கூண்டு வண்டி. பாகூர்க்காரர்கள் தவில் நாகசுரத்தோடு. எல்லைக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் ஊர்களிலிருந்து வந்த கூட்டம், பாதிப் பேர் பந்துக்கு, பாதிப் பேர் நம் பக்கத்துச் சாராயத்துக்கு, கோல் விழுந்தபோது எல்லாரும் ஒன்றாகக் கத்தினார்கள். தெற்குக் கோலுக்கு மேலே போன பந்து இங்கிலீஷ்காரன் நிலத்தில் விழ, சுங்கச் சிப்பாய் அதைத் திருப்பித் தரலாமா கூடாதா என்று யோசித்தது எனக்கு மட்டும்தான் சந்தோஷமாக இருந்தது. நீ கழுத்தில் ஊதலைத் தொங்கவிட்டுக்கொண்டு, புது பூட்சு போட்ட மேர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டாய். நெற்றி வியர்வையைத் துடைத்த கைக்குட்டைகூடப் புதிது. செல்லிப்பட்டிலிருந்து எனக்குப் பேசிவந்த பெண் வீட்டார் இப்போது, "மைதானம் இருக்கற ஊரு புள்ள யாராவது இருக்குதா" என்று விசாரிக்கிறார்களாம். அம்மா என்னிடம் மறைத்தாள், எருமையிடம் புலம்பினாள், நான் கேட்டுவிட்டேன்.

இதையெல்லாம் விழுங்கிவிடுவேன் மச்சான். கயிற்றை விழுங்க முடியவில்லை. மூங்கில் படிக்கும் சாக்கடைப் பக்கத்துக்கும் நடுவில் ஒரு தாம்புக் கயிறு. இந்தப் பக்கம் பந்தல், பானகம், படி. அந்தப் பக்கம் வெயில். எங்கள் கோஷ்டியில் பவுல்ராஜ் ஆடினான், இரண்டு கோல் போட்டான், "நம்ம பவுல்ராஜ்! நம்ம பவுல்ராஜ்!" என்று பந்தலே எழுந்து ஆடியது. அவன் அம்மா ரோசம்மாள் மகன் ஆடுவதைப் பார்க்க ஒரு மணி நேரம் நடந்து வந்து, கயிற்றுக்கு அந்தப் பக்கம் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆட்டம் முடிந்ததும் அவனும் கயிற்றுக்கு அடியில் குனிந்துதான் போனான். பந்து காலில் இருக்கிறவரை நம்ம பவுல்ராஜ். ஊதல் ஊதியதும் இல்லை. அந்த ஊதல் உன் கழுத்தில் இருந்தது. அங்கேயே உன்னிடம் வந்து கேட்டேன், இதை யார் கட்டியது, அவிழ்த்துவிடு என்று. நீ சோடாக் கடைப் பக்கம் திரும்பி, "கண்ணையா, ரெண்டு சோடா ஒடைப்பா" என்றாய்.

திரும்பி வரும்போது வழியெல்லாம் உன்னைத் திட்டினேன். "எங்க ஊர்ல வந்திருந்தா இந்தக் கயிறு இருந்திருக்காது" என்று பவுல்ராஜிடம் சொன்னேன். அவன் வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டே சொன்னான்: "கயிறு எதுக்குப்பா? அங்கதான் தெரு இருக்குதே." ரோசம்மாள் அவன் தலையில் தட்டி, "சும்மா இருடா, சின்ன கவுண்டர் மூஞ்சிய பாரு" என்றாள். மீதி வழியை நான் முன்னால் நடந்தேன். அந்தக் கோபத்தையும் சேர்த்து உன் மேல்தான் எழுதுகிறேன், வேறு யார் மேல் எழுதுவேன்.

ஆக, மைதானத்தைத் திருடிய குற்றத்தை நீ ஒப்புக்கொள்ள வேண்டும். அத்தைக்கு என் நமஸ்காரம். மாமாவின் முழங்கால் வலி குறைய ஈசன் துணையிருக்கட்டும். உனக்கு நல்ல இடத்தில், செல்லிப்பட்டு தவிர வேறு எந்த ஊரிலாவது, சீக்கிரம் கல்யாணம் ஆகட்டும்.

இப்படிக்கு,
உன்னால் மைதானம் இழந்த மாமன் மகன்,
மணவாளன்

பி.கு.: உறை ஒட்டுவதற்கு முன்னால், பலராமனுக்கு என்ன எழுதினாய், வாசி என்று அப்பா உட்கார்ந்துவிட்டார். வாசித்தேன். மாட்டுக் கொட்டகை வந்ததும் நிறுத்தச் சொன்னார். "அவன் எங்கடா தண்ணி வுடச் சொன்னான்? 'மாமா, தண்ணி மட்டும் வுட்டுடாதீங்க, காஞ்சி கெடந்தாத்தான் பந்து ஓடும், மணவாளன் இதுக்காக சோறு துண்ணாம கெடந்தான்'னு சொன்னான். நீதானே வருசம் பூரா சொல்லிகினு இருந்தே, மடுகரைக்காரன் எது சொன்னாலும் நமக்குக் குழி பறிக்கத்தான் சொல்லுவான், நேர் மாறா செய்யினு. செஞ்சேன்." அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று நான் பார்க்கவில்லை.

ஆகவே முதல் வரியை அடித்துவிட்டேன். அடித்த பிறகும் தெரிகிறது, வேறு தாள் இல்லை, அப்படியே வாசித்துக்கொள். கறியையும் மன்னித்தேன். செருப்பு கொடுத்ததையும் மன்னித்தேன்.

ஆனால் அந்தக் கயிற்றை எங்கள் அப்பா கட்டவில்லை. முதல் தடவை நேரில் கேட்டேன், சோடா வாங்கினாய். திங்கட்கிழமை தபால் அட்டை போட்டேன். அந்த அட்டையைக் கையில் வாங்கி வாசித்துச் சட்டைப்பையில் வைத்தாய் என்று தபால்காரர் இன்று சொன்னார். இது மூன்றாவது. உனக்கு எழுதச் சோம்பலாக இருந்தால் என்று என் விலாசம் எழுதிய அட்டை ஒன்றை உள்ளே வைத்திருக்கிறேன். சித்திரை முதல் ஞாயிறு மறுபடி ஆட்டம். ரோசம்மாள் வருவாள். கயிற்றை அவிழ்த்துவிட்டேன் என்று அந்த அட்டையில் எழுது.