மஞ்சளாக எரிந்த மங்களகரம்

எந்தப் பொருளையும் பிரித்துப் பார்த்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும். எட்டாம் வகுப்போடு நின்றவன் காடாம்புலியூரில் முந்திரிக் கிடங்கு வைத்து, புதுக் கார் வாங்கியதெல்லாம் அந்தக் குணத்தால்தான். (என் மனைவி வேறு காரணம் சொல்வாள். அவளைக் கேட்காதீர்கள்.)

மகளுக்குச் சிதம்பரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. பேசி முடிக்கக் கிளம்பும் காலையில் எனக்கொரு சந்தேகம். எவ்வளவு வேகமாக பிரேக் அடித்தாலும் இந்தக் கார் வழுக்காதாமே, எப்படி? சக்கரத்தைக் கழற்றிப் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். ஒரு வளையம். அதன் பக்கத்தில் ஒயர் மாட்டிய சின்னப் பொருள் ஒன்று. வளையத்தில் இரும்புத் தூள் ஒட்டியிருந்தது. முந்திரி மூட்டையில் கலந்துவிடும் ஆணியை இழுக்க என்னிடம் பெரிய காந்தம் உண்டு. அதை வைத்துத் தேய்த்துச் சுத்தமாக்கினேன்.

வடலூர் தாண்டியதும் மனைவி, "என்னங்க, ஸ்டியரிங்குக்குப் பின்னாடி மஞ்சளா ஒரு லைட்டு எரியுதே?" என்றாள்.

"நல்ல காரியத்துக்குப் போறோம், மஞ்சளா எரியுது. மங்களகரம்டி!"

அவளும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பேச்சு நன்றாகவே போனது. தட்டு மாற்றுவதற்குள் மாப்பிள்ளையின் அப்பாவை ஊருக்கு வெளியே காரில் அழைத்துப் போனேன். மழை விட்டிருந்தது.

"கெட்டியா புடிச்சுக்குங்க சம்பந்தி! இப்ப மிதிக்கிறேன், வழுக்குதான்னு பாருங்க!"

மிதித்தேன். சக்கரம் நின்றது, கார் நிற்கவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பியும் கேட்காமல் நேராகப் போய் நடவு வயலில் இறங்கியது.

சம்பந்தி முழங்கால் சேற்றில் நின்றபடி, "பாத்துட்டேன். அடுத்து என்ன பாக்கணும்?" என்றார்.

மெக்கானிக் சொல்லித்தான் விளங்கியது. அந்த வளையமே காந்தமாம். வடக்கு, தெற்கு என்று மாறி மாறிக் கோத்த மாலை மாதிரி. அது சுழல்வதைப் பக்கத்திலிருக்கும் சென்சார் எண்ணிக்கொண்டே இருக்கும். பிரேக்கில் ஒரு சக்கரம் இறுகி நிற்கப் போனால் எண்ணிக்கை தடுமாறும். உடனே கம்ப்யூட்டர் அந்த பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும், கண் சிமிட்டுவதற்குள் பல தடவை. என் காந்தம் அந்த மாலையைக் கலைத்துவிட்டது. எண்ண வழியில்லாமல் அந்த ஏற்பாடே படுத்துவிட, அதைத்தான் மஞ்சள் விளக்கு சொல்லியிருக்கிறது. (சொல்வதைச் சிவப்பில் சொல்லித் தொலைத்தால் என்ன?)

மனைவி, "எம் பொண்ணு சம்பந்தத்தையே வயல்ல எறக்கிட்டீங்களே!" என்று அழுதாள்.

சம்பந்தி சேற்றுக் காலைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். "பொண்ணு எங்க வீட்டுக்குத்தாம்மா. ஆனா இவரு ஓட்ற கார்ல வேணாம், பஸ்ல வரட்டும்."

கல்யாணத்தில் தாலிக் கயிறு தட்டில் வந்தபோது என் காதில் குனிந்தார்: "மஞ்சளா இருக்கே சம்பந்தி, பிரேக்கு புடிக்குமா?"

இன்றைக்கும் கடலூர் சிக்னலில் மஞ்சள் விழுந்தால், பின் சீட்டில் என் மனைவி கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள்.