லுங்கிக் கொடி

நான் பார்த்த மனிதர்களிலேயே, கடவுள் படைத்த அத்தனையையும் கப்பலாகவே பார்த்தவர் எங்கள் லம்பா லைன் தெருவின் கொடி பாய் ஒருத்தர்தான். உலையில் அரிசி கொதித்தால் ‘நங்கூரம் தூக்கியாச்சு’ என்பார். பிள்ளைத்தாய்ச்சி யாராவது தெருவில் நடந்தால் ‘லோடு கப்பல், வழி விடுங்க’ என்று சைக்கிள்காரர்களை விரட்டுவார். எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் சண்டை வந்தால், வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும்: “என்ன தங்கச்சி, மூணாம் நம்பர் கூண்டு ஏத்தியாச்சா?”

போர்ட் பிளேர் குன்றின் மேல் கொடிமரத்தில் அவருக்கு வேலை. தூரத்தில் கப்பல் தெரிந்தால் கொடி ஏற்ற வேண்டும். எங்கள் தெருவிலிருந்து அந்த மரம் தெரியாது. அதனால் பாய் வீட்டுக்கு வந்ததும் தன் கூரை மூங்கிலில் ஒரு சிவப்புத் துணியை ஏற்றுவார். கப்பல் வருகிறது என்று அர்த்தம். அறுபதுகளில் எங்களுக்குக் கடிதாசி, வெங்காயம், மாமியார் போடும் ஊறுகாய் எல்லாமே மெயின்லேண்டிலிருந்து அந்தக் கப்பலில்தான் வர வேண்டும். கப்பல் வராத வாரங்களில் மழை பெய்யும், வெயில் அடிக்கும், மறுபடி மழை பெய்யும். இன்றைக்குச் செவ்வாயா புதனா என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. தெருவே அந்த மூங்கிலைப் பார்த்துக்கொண்டு அரைத்தூக்கத்தில் கிடக்கும்.

என் மகள் சுதாவுக்கு அப்போது மூன்று வயசு. சென்னையிலிருந்து நாங்கள் வந்த கப்பலில்தான் வினை ஆரம்பித்தது. கக்கூஸ் ஓட்டைக்குள் கடல் உறுமியதைக் கேட்டு அலறியவள், அதோடு வெளிக்குப் போவதையே நிறுத்திக்கொண்டாள். குவார்ட்டர்ஸுக்கு வந்தும் அதே கதைதான். கொல்லையில் தகரக் கதவு போட்ட கக்கூஸைப் பார்த்தாலே, “உள்ள கடல் இருக்கும்மா” என்று என் சேலையைப் பிடித்துக்கொள்வாள். வயிறு முட்டும்போது கட்டில் காலைக் கட்டிக்கொண்டு, கால் ரெண்டையும் பின்னி, முகம் சிவந்து நிற்பாள். முக்குகிறாள் என்று நினைத்தேன், முட்டாள் நான். அடக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

நாலு நாள், அஞ்சு நாள் ஆகும். வயிறு கல்லாகிவிடும். கடைசியில் வரும்போது ரத்தமும் சேர்ந்து வரும், அந்த வலியில் அடுத்த தடவை இன்னும் அடக்குவாள். விளக்கெண்ணெய் கொடுத்தேன், துப்பினாள். வெற்றிலைக் காம்பை எடுத்துக்கொண்டு போனால் தெருக்கோடி வரை ஓடினாள். டாக்டர், “தண்ணி, பழம் நிறையக் கொடுங்க, அதட்டாதீங்க” என்றார். நான் ரெண்டாவதை மட்டும் காதில் வாங்கவில்லை. ஒருநாள் ஆத்திரத்தில் முதுகில் ஒன்று வைத்தும் விட்டேன். இதை எழுதும்போதுகூட என் கை எனக்குக் கசக்கிறது.

“போய் உக்காருடீ! போகாம எந்திரிச்சே, தோலை உரிச்சிருவேன்!”

வேலிக்கு மேலே பாயின் தலை தெரிந்தது. “ஏன் தங்கச்சி, கரையில நின்னு கத்துனா கப்பல் சீக்கிரம் வந்துருமா?”

“உங்களுக்கென்ன பாய், கல்யாணமா காட்சியா? பிள்ளை பெத்துப் பார்த்தால்ல தெரியும்!”

“பிள்ளை தெரியாது. கப்பல் தெரியும். பயந்த கப்பல் துறைமுகத்துக்குள்ள நுழையாது. அவ்வளவுதான், இத்னா ஹி.”

மறுநாள் காலையில் ஒரு மரப்பெட்டியோடு வந்தார். நடுவில் ஓட்டை, அடியில் தகரத் தட்டு, முன்னால் கால் ஊன்ற ஒரு பலகை. “கால் அந்தரத்துல தொங்குனா யாருக்கும் பயம்தான் வரும்” என்றார். பப்பாளி மரத்தடியில் அதை வைத்து, உள்ளே கடல் இல்லை என்று சுதாவைக் கைவிட்டுப் பார்க்கச் சொன்னார். தினமும் காலைக் கஞ்சி குடித்ததும் பத்து நிமிஷம் அவள் அங்கே உட்காருவாள். பாய் வேலிக்கு அப்பால் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, தூங்குகிற கடலுக்குத் தாலாட்டுப் பாடுகிற மாதிரி சேதி சொல்லுவார்.

“ஹார்பர் காலி. காத்து அமைதி. தூரத்துல ஒரு மீன் துள்ளுது...”

“கப்பல் தெரியுதா மாமா?”

“இன்னும் இல்ல பேட்டீ, மகளே. கோயி பாத் நஹி, பரவால்ல. நாளைக்கு வரும். தண்ணி இருந்தால்ல கப்பல் ஓடும்? ஒரு சொம்பு குடி.”

நான் கரடியாகக் கத்தியும் குடிக்காத தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தாள். பப்பாளியும் தின்றாள். வாயை மூடிக்கொண்டிருப்பது மட்டும்தான் என் வேலை. அது எனக்கு எவ்வளவு கஷ்டமான வேலை என்று எங்க வீட்டுக்காரரைக் கேளுங்கள்.

எட்டாம் நாள் காலை. “மாமா! வந்துருச்சு! வலிக்கவே இல்ல!”

நான் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பாய்க்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய்க் கூரை மூங்கிலில் சிவப்புத் துணியை ஏற்றிவிட்டார்.

மூன்று வாரமாகக் கப்பல் வராத சமயம் அது. ‘ஜஹாஜ்! கப்பல்!’ என்று தெருவே எழுந்தது. பெங்காலி வாத்தியார் சைக்கிளில் பறந்தார். எதிர்வீட்டுத் தெலுங்கம்மா கோணிப்பையோடு ஓடினாள். எங்க வீட்டுக்காரர் சேதி கேட்டு, ஆபீஸில் பாதி எழுதின கடிதத்தை அப்படியே விட்டுவிட்டு ஊறுகாய் வாங்கத் துறைமுகத்துக்குப் போனார். அங்கே நாலு காக்காய்தான் இருந்ததாம். கொட்டுகிற மழையில் நனைந்து திரும்பிய கூட்டம் நேரே எங்கள் கொல்லைக்கு வந்தது.

“கஹாங் ஹை ஜஹாஜ்?” எங்கே கப்பல் என்று வாத்தியார் கர்ஜித்தார்.

பாய் அசரவில்லை. மரத்தடித் தட்டைக் கை காட்டினார். வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். சுதாவைப் பார்த்தார். பிறகு, “படா ஜஹாஜ்” என்று தலையை ஆட்டினார். தெலுங்கம்மா கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு சிரித்த சிரிப்பில் தெருவே சேர்ந்துகொண்டது.

அன்றே பஞ்சாயத்து கூடித் தீர்ப்பானது. கப்பலுக்குச் சிவப்பு, சுதாவுக்குப் பாயின் பழைய நீலக் கட்டம் போட்ட லுங்கித் துண்டு. அதன்பிறகு பல நாள், காலையில் வேலைக்குப் போகிறவர்கள் மூங்கிலை அண்ணாந்து பார்த்து, லுங்கி பறந்தால் ‘நல்ல சகுனம்’ என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். கொஞ்ச நாளில் சுதா தகரக் கதவுக்குள்ளும் தானாகப் போக ஆரம்பித்தாள்.

நாலு வருஷம் கழித்து மாற்றல் வந்தது. அதே கப்பல், அதே உறுமுகிற ஓட்டை. முதல் நாள் சுதா அந்தப் பக்கமே போகவில்லை. நான் அதட்டாமல் தண்ணீர்ச் சொம்பை மட்டும் அவள் பக்கத்தில் வைத்தேன். இரண்டாம் நாள் காலை ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்துவிட்டுத் தனியாகப் போனாள். வந்தாள். பையைத் துழாவி அந்த லுங்கித் துண்டை எடுத்தாள். புறப்படும்போது பாய் கொடுத்தது.

“அம்மா, நீதான் உயரம். தூக்கிப் பிடி. மாமா பார்க்கணும்ல.”

நாலு பக்கமும் கடல். தீவு மறைந்து ஒரு பகல் ஒரு இரவு ஆகியிருந்தது. கை கடுக்கிற வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். பார்த்திருப்பார் என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன். பாய் கண்ணுக்கு எந்தக் கப்பலும் தப்பினதே இல்லை.